அறிக்கையில் யாரும் படிக்காத வரி

(திருச்சிராப்பள்ளியில் நிகழ்ந்த அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் செப்பனிடப்பட்டது.)



காலையில் வெறும் வயிற்றோடு போய்க் கையை நீட்டினால் மாலைக்குள் இரத்தப் பரிசோதனை அறிக்கை கைபேசிக்கே வந்துவிடும் காலம் இது. அந்த அறிக்கையில் வீட்டார் தேடுவது மூன்று எண்களை: சர்க்கரை, கொழுப்பு, ஹீமோகுளோபின். ஹீமோகுளோபினுக்குச் சற்றுக் கீழே 'பி.சி.வி.' என்றோ 'ஹெமட்டோக்ரிட்' என்றோ ஒரு சதவீதமும் அச்சாகியிருக்கும். நூறு மில்லி இரத்தத்தில் சிவப்பணுக்கள் மட்டும் எத்தனை மில்லி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன என்பதே அந்த எண். ஏறத்தாழ ஆணுக்கு 40 முதல் 50 வரையும் பெண்ணுக்கு 36 முதல் 46 வரையும் இயல்பு. அதைத் தனியாகப் பணம் கொடுத்துக் கேட்க வேண்டியதில்லை. முழு இரத்த அணுப் பரிசோதனையில் அது தானாகவே வந்து உட்கார்ந்திருக்கிறது. அதைப் படிப்பவர்தான் இல்லை.

இந்த உரை சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. 'இரத்தம் கெட்டியாயிடுச்சு' என்று ஊரில் பேசிக்கொள்வதில் மெய்யான பகுதி பெரும்பாலும் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. அது தாழ்ந்தால் பதறுகிறோம், உயர்ந்தால் மகிழ்கிறோம். அந்த மகிழ்ச்சியால், தடுத்திருக்கக்கூடிய பக்கவாதங்களும் மாரடைப்புகளும் தடுக்கப்படாமல் போகின்றன.

கி.ஆ.பெ. விசுவநாதம் என்ற தமிழறிஞரின் பெயரை அரசு மருத்துவக் கல்லூரிக்குச் சூட்டிய ஊர் இது. இங்கே மருத்துவத்தைத் தமிழில் பேசத் தயக்கம் தேவையில்லை என்பதால் நேரே பொருளுக்குள் போகலாம்.

1. மிகுதி என்பது வளம் அல்ல

தமிழ்நாட்டில் ஹீமோகுளோபின் என்றாலே குறைவுதான் நினைவுக்கு வரும். அதற்குக் காரணம் இருக்கிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி இம்மாநிலத்தில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. பள்ளிகளில் இரும்புச்சத்து மாத்திரை, கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து ஊசி, முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் என்று இரண்டு தலைமுறையாகச் சொல்லிச் சொல்லி, 'எண் ஏறினால் நல்லது' என்பது மனத்தில் பதிந்துவிட்டது. இப்படிப்பட்ட நாட்டில் ஒருவருக்கு ஹீமோகுளோபின் 18 என்று வந்தால் வீட்டில் யாரும் அதிர்ச்சி அடைவதில்லை. 'அவருக்கு இரத்தம் ஜாஸ்தி, இரும்பு உடம்பு' என்று பெருமைதான் பேசுவார்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் திருத்திய வரையறையில், ஆணுக்கு ஹீமோகுளோபின் 16.5 கிராமுக்கு மேலோ ஹெமட்டோக்ரிட் 49 சதவீதத்துக்கு மேலோ, பெண்ணுக்கு 16 கிராமுக்கு மேலோ 48 சதவீதத்துக்கு மேலோ போனால், எலும்பு மஜ்ஜை கட்டுப்பாடின்றிச் சிவப்பணு உற்பத்தி செய்கிறதா என்று ஐயப்பட வேண்டும். அதற்கு முன் ஆணுக்கு 18.5 என்று உயரத்தில் இருந்த எல்லை இது. அவ்வளவு உயரம் போகாமலேயே நோயும் உறைவும் வரும் என்று கண்டதால் கீழே இறக்கினார்கள். அதாவது, 'கொஞ்சம்தானே கூட' என்று தள்ளிவிடப்பட்டவர்களில் சிலர் மெய்யாகவே நோயாளிகளாக இருந்திருக்கிறார்கள்.

2. ஓட்டம் தளரும் இடத்தில்

இரத்தத்தின் பாகுநிலை சாதாரணமாகத் தண்ணீரைப்போல் மூன்று நான்கு மடங்கு. ஹெமட்டோக்ரிட் 60, 70 என்று ஏறினால் அது பத்து மடங்கு வரை போகலாம். இரண்டும் ஒரே விகிதத்தில் ஏறுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 45லிருந்து 50 வரை நிதானமாக ஏறும் கெட்டித்தன்மை, 55ஐத் தாண்டியபின் செங்குத்தாக எழுகிறது.

குழாய்க்குள் நீர்மம் எப்படி ஓடுகிறது என்ற பாய்சொய் விதியைப் பள்ளியில் இயற்பியல் பாடமாகப் படித்திருப்போம். அந்தப் பாய்சொய் ஒரு மருத்துவர். பாரிசில் 1840களில் அவர் மெல்லிய கண்ணாடிக் குழாய்களை வைத்துக் கணக்குப் போட்டதற்குத் தூண்டுதல், நுண்ணிய இரத்தக் குழாய்களில் ஓட்டம் எப்படி நடக்கிறது என்ற கேள்விதான். குழாயின் ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிறது. பாகுநிலை இரட்டித்தால் ஓட்டம் பாதியாகிறது. கொழுப்புப் படிந்து ஏற்கெனவே சுருங்கிய தமனியில் இரத்தமும் கெட்டியானால் இரண்டு இழப்புகளும் ஒன்றையொன்று பெருக்கிக்கொள்ளும்.

ஆனால் பாய்சொய் சோதித்த நீர்மங்களைப்போல் இரத்தம் எளிமையானதன்று. வேகமாக ஓடும்போது சிவப்பணுக்கள் நீண்டு வளைந்து, ஒன்றையொன்று ஒட்டாமல் வழுக்கிச் செல்கின்றன. வேகம் குறைந்தால் அடுக்கடுக்காய் ஒட்டிக்கொள்கின்றன; இரத்தம் மேலும் கெட்டியாகிறது; கெட்டியானதால் இன்னும் மெதுவாகிறது. முக்கொம்பில் பிரிந்து வரும் காவிரியில் நீர் எங்கே தளர்கிறதோ அங்கேதான் வண்டல் படிகிறது என்பது இந்த அவையில் பலரும் கண்ணால் கண்டது. உடம்பில் அத்தகைய தளர்வான இடங்கள் கால் சிரைகள், மூளையின் சிரைப் பைகள், கல்லீரலின் வாயிற்சிரை. இன்னொன்றும் நடக்கிறது. சிவப்பணுக்கள் நெரிசலாகக் குழாயின் நடுவில் ஓடும்போது, உறைவைத் தொடங்கிவைக்கும் தட்டணுக்களைச் சுவரோரமாக ஒதுக்கித் தள்ளுகின்றன. சுவரில் ஒரு கீறல் இருந்தால் போதும், தட்டணுக்கள் அங்கே தயாராக நிற்கும்.

ஓட்டத்தின் தளர்வு, குழாய்ச் சுவரின் சிதைவு, இரத்தத்தின் இயல்பு மாற்றம் ஆகிய மூன்றும் கூடும் இடத்தில் உறைவு பிறக்கிறது என்ற கருத்து, 1856இல் ஜெர்மன் நோயியல் மேதை ருடால்ஃப் விர்கோ வெளியிட்ட ஆய்வுகளோடு சேர்த்துப் பேசப்படுகிறது. கெட்டி இரத்தம் இந்த மூன்றில் இரண்டை ஒரே நேரத்தில் கெடுக்கிறது.

3. குளித்தபின் எடுக்கும் ஊறல்

1892இல் பாரிசு மருத்துவர் அன்றி வாக்கே, முகம் கருஞ்சிவப்பாகி, சிரைகள் புடைத்து, சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகிய ஒருவரை விவரித்தார். 1903இல் வில்லியம் ஆஸ்லர் அதே போன்ற நோயாளிகளை முன்வைத்து, இது தனி நோய் என்று நிறுவினார். பாலிசைத்தீமியா வெரா என்று இன்று அழைக்கப்படுவது அதுதான். ஏன் வருகிறது என்பதற்கு விடை கிடைக்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 2005இல் பாரிசு, கேம்பிரிட்ஜ், பாசல், பாஸ்டன் ஆகிய இடங்களில் இயங்கிய நான்கு குழுக்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் ஒரே இடத்தைத் தொட்டன. ஜாக்-2 என்ற மரபணு உருவாக்கும் புரதத்தில் 617ஆவது இடத்தில் வேலின் இருக்க வேண்டும். அங்கே ஃபினைல்அலனின் வந்து உட்கார்ந்துவிட்டது. இந்த ஒரு மாற்றம், 'சிவப்பணு செய்' என்ற கட்டளையை நிறுத்த முடியாத கட்டளையாக்கிவிடுகிறது. நோயாளிகளில் சுமார் 95 சதவீதத்தினரிடம் இது காணப்படுகிறது. இது பிறவியில் வருவதன்று, பெரும்பாலும் நடுவயதுக்குப்பின் மஜ்ஜையில் தோன்றுவது. ஆகவே 'எங்கள் வம்சத்தில் யாருக்கும் இல்லையே' என்ற ஆறுதலுக்கு இங்கே இடமில்லை.

அறிகுறிகள் சாதாரணமானவை, அதுவே சிக்கல். தலைவலி, கிறுகிறுப்பு, காதில் இரைச்சல், கண்ணில் பூச்சி பறப்பது, மாலையில் பாதம் சிவந்து எரிவது, மூட்டில் யூரிக் அமில வலி. இத்தனையிலும் தனித்து நிற்பது ஒன்று உண்டு: குளித்து முடித்தவுடன் உடம்பெல்லாம் எடுக்கும் ஊறல். தோலில் தடிப்பு இருக்காது, சொறி இருக்காது. ஆனால் அரை மணி நேரம் இருப்புக் கொள்ளாது. வெந்நீரில் குளித்தால் இன்னும் மோசம். அம்மா மண்டபத்துப் படித்துறையில் முங்கி எழுந்தவர் 'ஆத்துத் தண்ணி ஒத்துக்கலை' என்று சொல்லிக் களிம்பு தேடுவார். மருத்துவர் ஒவ்வாமை மாத்திரை எழுதுவார். அந்த நேரத்தில் ஹெமட்டோக்ரிட்டைப் பார்த்தால் கதை வேறாக இருக்கும்.

நோய் அரிதுதான், ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஓரிருவருக்குப் புதிதாக வரும் என்பது மேலைநாட்டுக் கணக்கு. ஆனாலும் பலருக்கு முதல் அறிகுறியே பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வந்துவிடுகிறது. சிலருக்குக் கல்லீரல் சிரை அடைத்துக்கொண்டு வயிறு வீங்குகிறது. இளம் வயதில் மதுப்பழக்கமோ மஞ்சள்காமாலை வரலாறோ இல்லாமல் அப்படி வருபவரிடம் ஜாக்-2 சோதனையை விடக்கூடாது. இங்கே ஒரு சூழ்ச்சியும் உண்டு: மண்ணீரல் வீங்கி, உணவுக்குழாய்ச் சிரைகளில் இரத்தம் கசிந்து போயிருந்தால் ஹெமட்டோக்ரிட் இயல்பான அளவிலேயே தெரியும்.

4. கத்தியும் கிண்ணமும்

இந்நோயின் வைத்தியத்தோடு திருச்சிக்கு ஒரு வரலாற்றுத் தொடர்பு உண்டு. கல்கத்தா பேராயர் ரெஜினால்டு ஹீபர் 1826 ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் தஞ்சாவூரிலிருந்து இவ்வூருக்கு வந்தார். 3ஆம் தேதி காலை கோட்டைக்குள் இருந்த தமிழ்ச் சபையாரைச் சந்தித்துவிட்டுத் தங்கியிருந்த வீட்டுக்குத் திரும்பி, வெயிலின் களைப்போடு குளிர்ந்த நீர்நிலையில் குளிக்க இறங்கியவர் எழவில்லை. வயது 42. மூளையில் இரத்தக் கசிவு என்று காரணம் சொல்லப்பட்டது. புனித யோவான் ஆலயத்தில் அவர் கல்லறையும், இந்நகரின் கல்லூரிக்கும் பள்ளிகளுக்கும் அவர் பெயரும் நிலைத்துவிட்டன. நமக்குத் தேவையானது வேறொரு விவரம். நீரிலிருந்து தூக்கியதும் அவருக்குச் செய்யப்பட்ட முதலுதவிகளில் ஒன்று, சிரையைத் திறந்து இரத்தம் வடித்தது. உடம்பைத் தேய்த்தார்கள், நுரையீரலுக்குள் காற்றும் ஊதிப்பார்த்தார்கள்.

அன்று எந்த நோயானாலும் இரத்தம் வடிப்பதுதான் முதல் கை. காய்ச்சலுக்கும் வடித்தார்கள், மூச்சடைப்புக்கும் வடித்தார்கள். அது ஆளைக் கொல்லும் பழக்கம் என்று உணர்ந்து மருத்துவம் அதைக் கைவிட்டது நியாயமே. ஆனால் விரல்விட்டு எண்ணக்கூடிய சில நோய்களில் அந்தப் பழைய வைத்தியம் இன்றும் முதலிடத்தில் இருக்கிறது. அவற்றில் தலையானது பாலிசைத்தீமியா வெரா. இரத்த வங்கியில் கொடையாளி படுக்கும் அதே நாற்காலி, அதே ஊசி, அதே பை; ஒரு தடவைக்கு 350 அல்லது 450 மில்லி. அப்படி எடுத்த இரத்தம் பொதுவாகப் பிறருக்கு ஏற்றப்படுவதில்லை, கழிக்கப்படுகிறது.

எதுவரை எடுப்பது? இதற்குத் துல்லியமான விடை 2013இல்தான் வந்தது. இத்தாலியில் 365 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினரின் ஹெமட்டோக்ரிட்டை 45க்குக் கீழேயும் மற்றவர்களுடையதை 45க்கும் 50க்கும் இடையிலும் வைத்துப் பார்த்தார்கள். இரத்தக்குழாய் நோயால் மரணம் அல்லது பெரிய உறைவு என்பது முதல் பிரிவில் 2.7 சதவீதம், இரண்டாம் பிரிவில் 9.8 சதவீதம். அவையோர் இந்த எண்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 47 என்பதும் 48 என்பதும் ஓர் ஆணின் ஆய்வுக்கூடத் தாளில் 'இயல்பு' என்றே அச்சாகும். தடித்த எழுத்தோ நட்சத்திரக் குறியோ இருக்காது. இந்நோய் உள்ள ஒருவருக்கு அந்த 'இயல்பு' ஏறத்தாழ நான்கு மடங்கு ஆபத்து.

'ஈகோஸ்ப்ரின் போட்டுக்கறேனே, அது இரத்தத்தை இளக்கிடுமே' என்பது அடுத்துக் கேட்கும் குரல். அந்த மாத்திரையில் இருக்கும் ஆஸ்பிரின் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கிறது. சிவப்பணு ஒன்றைக்கூட அது குறைப்பதில்லை. மாத்திரைக்கு முன் 56 இருந்தால் பின்னும் 56தான். அது வீண் என்று பொருளல்ல. 2004இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வில், 100 மில்லிகிராம் ஆஸ்பிரின் எடுத்துக்கொண்ட பாலிசைத்தீமியா நோயாளிகளிடம் மாரடைப்பு, பக்கவாதம், பெரிய சிரை உறைவு முதலியன சேர்ந்து 60 சதவீதம் குறைந்தன. இரண்டும் வேண்டும்: ஒன்று அடர்த்தியைக் குறைக்க, மற்றது ஒட்டுதலைத் தடுக்க. அறுபது வயதைக் கடந்தவர்களுக்கும் முன்பே உறைவு கண்டவர்களுக்கும் ஹைட்ராக்சியூரியா போன்ற மருந்தும் சேர்கிறது. தட்டணுக்கள் பத்து லட்சத்தைத் தாண்டியிருந்தால் ஆஸ்பிரினே இரத்தப்போக்கை உண்டாக்கலாம் என்பதால், இதைத் தெரு முனை மருந்துக்கடையில் முடிவு செய்ய முடியாது.

ஒரு கண்ணியையும் சொல்லிவிட வேண்டும். அடிக்கடி இரத்தம் எடுத்தால் உடம்பில் இரும்புச்சத்து வற்றும். அது எதிர்பார்த்த விளைவே; மஜ்ஜைக்குச் சரக்குக் கிடைக்காமல் உற்பத்தி தளர்கிறது. ஆனால் வேறொரு மருத்துவர் அந்த நோயாளியின் ஃபெரிட்டின் அளவைப் பார்த்துப் பதறி இரும்பு மாத்திரை எழுதிவிட்டால், சில வாரங்களில் ஹெமட்டோக்ரிட் மறுபடி ஏறிவிடும்.

5. பச்சை உடம்பும் ஒரு குவளைத் தண்ணீரும்

இதுவரை சொன்னது அரிதான நோய். இனி வருவது ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நடப்பது.

பிள்ளை பெற்றவளைப் 'பச்சை உடம்புக்காரி' என்று பொத்திப் பாதுகாப்பது நம் வழக்கம். பத்தியச் சாப்பாடு, பிரசவ லேகியம், காதில் பஞ்சு, காற்றுப் புகாத அறை. இவற்றோடு 'தண்ணி அதிகமா குடிக்காதே, வயிறு பெருத்துடும், உடம்பு நீர் கோத்துக்கும்' என்ற கட்டுப்பாடும் பல வீடுகளில் சேர்ந்துகொள்கிறது. தாகம் என்றால் இரண்டு மடக்கு வெந்நீர். பத்தியத்திலும் லேகியத்திலும் இந்த உரைக்குச் சண்டை இல்லை. பாட்டிமார்களின் கைப்பக்குவத்தில் பாதி மருத்துவம் இருக்கிறது. தண்ணீர்க் கட்டுப்பாட்டோடுதான் சண்டை.

பிரசவத்தில் இரத்தம் அதிகம் போய்விடக்கூடாது என்பதற்காக, கர்ப்பகாலத்திலேயே உடம்பு உறைவுப் புரதங்களை ஏற்றிவைத்துவிடுகிறது. பிள்ளை பிறந்தபின்னும் அந்த ஏற்பாடு வாரக்கணக்கில் நீடிக்கும். அதே நாட்களில், கர்ப்பத்தில் தேங்கியிருந்த நீர் சிறுநீராகவும் வியர்வையாகவும் வெளியேறுகிறது. பிளாஸ்மா சுருங்கி ஹெமட்டோக்ரிட் ஏறுகிறது. தாய்ப்பாலுக்கும் நீர் போகிறது. சித்திரை, வைகாசியில் திருச்சியில் ஒரு மூடிய அறையில் இத்தனையும் நடக்கும்போது குடிக்கும் நீரையும் நிறுத்தினால், உறையத் தயாராக இருக்கும் இரத்தத்தை நாமே அடர்த்தியாக்குகிறோம். அது உறையும் இடங்களில் மிகக் கொடியது மூளையின் சிரைப் பை.

இந்தியாவில் இது எவ்வளவு பரவலாக இருந்தது என்பதைத் தமிழ்நாட்டு நரம்பியல் மருத்துவர் கே. சீனிவாசன் உலகுக்குக் காட்டினார். கர்ப்பகாலத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் மூளைக் குழாய்களில் உறைவு ஏற்பட்ட 135 பெண்களைப் பற்றிய அவரது ஆய்வு 1983இல் 'ஆஞ்சியாலஜி' இதழில் வந்தது. மறு ஆண்டு 'ஸ்ட்ரோக்' இதழில், இந்தியாவில் இளவயதுப் பக்கவாதத்துக்கு மிகுதியாகக் காணப்படும் இரு காரணங்களில் ஒன்றாக இதை முன்வைத்தார். சி.டி. ஸ்கேன் அரிதாக இருந்த காலத்தில், கட்டிலருகே நின்று சேர்த்த அறிவு அது. ஸ்கேனும் எம்.ஆர்.ஐ.யும் வந்தபின் நோயை உறுதிப்படுத்துவது எளிதாயிற்று. மருத்துவமனைப் பிரசவம் பெருகியதால் எண்ணிக்கையும் முன்போல் இல்லை.

அதற்கு முன் ஊரில் இதற்கு ஒரே பெயர்தான்: ஜன்னி. 'பிள்ளை பெத்த பத்தாம் நாள் ஜன்னி கண்டு போயிட்டா' என்று பழைய குடும்பங்களில் ஒரு கதையாவது இருக்கும். எல்லா ஜன்னியும் சிரை உறைவு அல்ல. கிருமித்தொற்றும் இரத்தக் கொதிப்பு வலிப்பும் அதில் அடங்கும். ஆனால் பிரசவம் முடிந்த முதல் ஆறு வாரங்களில் நாளுக்கு நாள் கூடும் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்வு ஆகியவற்றில் எது வந்தாலும், வேப்பிலை அடித்துப் பார்க்க நேரமில்லை. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். சரியான நேரத்தில் உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் கொடுத்தால் பெரும்பாலோர் எழுந்து நடந்து வீடு திரும்புகிறார்கள். முதுமையில் வரும் தமனிப் பக்கவாதத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மீளக்கூடிய நோய்.

இந்தக் கதையைத் தண்ணீரோடு முடித்துவிட்டால் அது பாதி உண்மைதான். 2015இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வு ஒன்றில், மூளைச் சிரை உறைவு ஏற்பட்டவர்களிடம் இரத்தசோகைதான் அதிகம் காணப்பட்டது. கெட்டி இரத்தம் மட்டுமல்ல, சோகை இரத்தமும் மூளைச் சிரையில் உறையலாம். இரும்புச்சத்து குறைந்த சிவப்பணு விறைப்பாகி வளைய மறுக்கிறது, தட்டணுக்களும் கூடுகின்றன. ஆகவே நம் பெண்களுக்கு இரண்டு ஆபத்துகளும் ஒரே உடம்பில் சேர்கின்றன: கர்ப்பத்தில் சோகை, பிரசவத்துக்குப்பின் வறட்சி.

6. வெயில், விரதம், விமானம்

லண்டன் உடலியங்கியல் அறிஞர் டபிள்யூ.ஆர். கீட்டிஞ்சும் சகாக்களும் 1986இல் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார்கள். தன்னார்வலர்களை ஆறு மணி நேரம் 41 டிகிரி வெப்பக் காற்றில் இருத்தினார்கள். வியர்த்து 1.83 கிலோ எடை குறைந்தது. இரத்தத்தின் பாகுநிலை 24 சதவீதம் ஏறியது, தட்டணுக்களும் கூடின. வெப்ப அலையில் இறப்பவர்களில் பலர் 'வெயில் தாக்கி' மட்டும் இறப்பதில்லை, மூளையிலும் இதயத்திலும் உறைந்து இறக்கிறார்கள் என்பதை விளக்க அவர்கள் செய்த சோதனை அது. ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிய அந்த 41 டிகிரியைக் கத்திரி வெயிலில் திருச்சி தானாகவே தருகிறது.

சித்திரைத் தேர் அந்தக் காலத்தை ஒட்டித்தான் வருகிறது. அரங்கநாதர் தேருக்கும் சமயபுரத்துப் பாதயாத்திரைக்கும் வயதானவர்கள் வெறுங்காலோடு வெயிலில் நிற்கிறார்கள். உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் குடியிருக்கும் பெரியவர்கள் பலர் ஏகாதசிக்கு நீர்கூட அருந்துவதில்லை. நல்ல உடம்புள்ளவர் ஒரு நாள் நீரின்றி இருந்தால் அது தாங்கும். ஆனால் அதே காலை, கொதிப்புக்காக எழுதித் தந்த நீர்ப்போக்கு மாத்திரையையும் வழக்கம்போல் விழுங்கிவிட்டு விரதம் இருப்பவர் கதை வேறு. மாத்திரையை அன்றைக்கு என்ன செய்வது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவைப்பதில் எந்த ஆசாரமும் கெடாது. இதில் சமயபுரம் மாரியம்மனைப் பாராட்ட வேண்டும். பக்தர்களுக்காக அம்மனே இருபத்தெட்டு நாள் பச்சைப் பட்டினி இருக்கிறாள். அந்நாட்களில் நைவேத்தியம் நீர்மோர், பானகம், இளநீர், துள்ளுமாவு. எந்த மருத்துவரும் குறை காண முடியாத பட்டியல்.

விமானப் பயணம் பற்றிச் சுருக்கமாக. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் பறப்பது நான்கு மணி நேரத்தை ஒட்டியது. உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு மணி நேரமும் அதற்கு மேலும் அசையாமல் அமர்ந்து செய்யும் பயணத்துக்குப்பின் கால் சிரை உறைவின் ஆபத்து ஏறத்தாழ இரட்டிக்கிறது. ஆனால் அடிப்படை ஆபத்தே குறைவு. சுமார் ஆறாயிரம் பேரில் ஒருவர். அசையாமை முதல் குற்றவாளி. வறட்சி துணை நடிகர்தான். பேருந்துக்கும் ரயிலுக்கும் இது பொருந்தும்.

7. எண் ஒன்று, தீர்ப்பு பல

ஹெமட்டோக்ரிட் உயர்ந்தவர் எல்லோருக்கும் உறைவு வருமா? வராது. இன்ஸ்ப்ரூக் நகரில் 1964இல் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் 15, 30 கிலோமீட்டர் பனிச்சறுக்கு ஓட்டங்கள் இரண்டிலும் தங்கம் வென்ற ஃபின்லாந்து வீரர் ஈரோ மான்டிரான்டாவுக்கு ஹீமோகுளோபின் 20 கிராமுக்கு மேல். ஊக்கமருந்து என்று சந்தேகித்தார்கள். அது பிறவி என்று 1993இல் தெரிந்தது: சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்ட்டின் என்ற இயக்குநீரின் ஏற்பியில் பரம்பரையாக வரும் ஒரு மாற்றம். அவர் 76 வயது வரை வாழ்ந்தார். எண் அவ்வளவு உயர்ந்தும் உறையவில்லை. பாலிசைத்தீமியா வெராவில் 48 இருந்தாலே உறைகிறது. பின்னதில் வெள்ளணுக்களும் தட்டணுக்களும் அதே மரபணு மாற்றத்தால் ஒட்டும் தன்மை பெற்றிருக்கின்றன என்பதே வேறுபாடு.

ஆனால் சியாச்சினில் நிற்கும் நம் வீரர்களுக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை. நெடுநாள் உயர்மலையில் தங்கியவர்களிடம் உறைவு நோய்கள் சமவெளியில் இருப்பவர்களைவிட முப்பது மடங்கு மிகுந்திருந்ததை இந்திய ராணுவ மருத்துவர்கள் 2001இல் வெளியிட்டார்கள். ஆக்சிஜன் குறைவால் சிவப்பணு பெருகுகிறது. குளிர், வறட்சி, கூடாரத்துக்குள் அடைந்துகிடப்பது எல்லாம் அதோடு சேர்கின்றன.

நம் தெருவிலேயே காரணங்கள் பல. பீடி சிகரெட்டின் கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் உடம்பு கூடுதல் சிவப்பணு செய்கிறது. இரவில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருபவருக்கும் இதேதான். உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ சொல்லி டெஸ்டோஸ்டிரான் ஊசி போட்டுக்கொள்ளும் இளைஞர்கள் இன்னொரு வகை. மருத்துவர் மேற்பார்வையில் போடும்போதே 54ஐத் தாண்டினால் நிறுத்தச் சொல்கிறது வழிகாட்டுதல். மேற்பார்வை இல்லாதவர்கள் அந்த வரியைப் பார்ப்பதே இல்லை. செக்கச்செவேல் என்று பிறந்த குழந்தையைப் பார்த்து மகிழும்போது, குழந்தை நல மருத்துவர் சிரை ஹெமட்டோக்ரிட் 65ஐத் தாண்டியிருக்கிறதா என்று பார்க்கிறார். சர்க்கரை நோயுள்ள தாய்மாரின் குழந்தைகளிடம் இது மிகுதி.

இதற்கு நேர்மாறாக, சர்க்கரைக்கு டாபாக்லிஃப்ளோசின் எடுப்பவர்களின் ஹெமட்டோக்ரிட் இரண்டு மூன்று புள்ளி ஏறும். அம்மருந்தோ இதயத்தைக் காப்பது. அந்த ஏற்றத்தைக் கண்டு யாரும் தாமாக நிறுத்திவிடக்கூடாது. பிறவி இதயக் கோளாறால் நீலம் பாய்ந்தவர்களுக்கு 60 என்பது உடம்பே தேடிக்கொண்ட ஈடு. அவர்களிடம் அடிக்கடி இரத்தம் எடுத்தால் இரும்பு வற்றிப் பக்கவாதம் கூடும் என்று கண்டு, அந்தப் பழைய வழக்கத்தை இதய மருத்துவர்கள் விட்டுவிட்டார்கள். இன்னும் ஒரு வகையில் ஹெமட்டோக்ரிட் குறைந்தே இருக்க, இரத்தம் மட்டும் கெட்டியாகும். சுவீடனின் யான் வால்டன்ஸ்ட்ரம் 1944இல் விவரித்த நோயில் ஐ.ஜி.எம். என்ற பெரிய புரதம் பிளாஸ்மாவையே தடிக்க வைக்கிறது. அவர்களுக்கு மூக்கிலும் ஈறிலும் இரத்தம் கசியும், பார்வை மங்கும். சோகையாக இருக்கிறாரே என்று அவசரப்பட்டு இரத்தம் ஏற்றினால் நிலைமை முற்றும். முதலில் பிளாஸ்மாவை மாற்ற வேண்டும்.

ஆகவே அந்த வரியைப் படித்தவுடன் தீர்ப்பு எழுதிவிட முடியாது. நீர் நன்றாக அருந்திச் சில நாள் கழித்து மறுபடி பார்ப்பது, புகை, குறட்டை, மருந்துகள் பற்றிக் கேட்பது, மண்ணீரலைத் தொட்டுப் பார்ப்பது, ஆக்சிஜன் அளவு, எரித்ரோபொய்ட்டின், ஜாக்-2 என்று வரிசையாகப் போக வேண்டும்.

கடைசியாக ஒரு முடியாத வழக்கு. இத்தாலிய ஆய்வு வைத்த 45 என்ற எல்லை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. பெண்ணின் இயல்பான ஹெமட்டோக்ரிட் ஆணைவிட நான்கு புள்ளியாவது குறைவு என்னும்போது, அவளுக்கு எல்லை 42 ஆக இருக்க வேண்டாமா என்று சில இரத்தவியல் நிபுணர்கள் கேட்கிறார்கள். அந்த ஆய்வு பெண்களுக்கெனத் தனி எல்லை வைத்துச் சோதிக்கவில்லை என்பதால் 45ஐ மாற்றத் தேவையில்லை என்பவர்களும் உண்டு. கல்லீரல் சிரை உறைவோடு வரும் பாலிசைத்தீமியா நோயாளிகளில் இளம் பெண்களே மிகுதி என்பதால் இதை ஒதுக்கிவிட முடியவில்லை. மருத்துவ நண்பர்கள் கேள்வி நேரத்தில் இதைத்தான் முதலில் எடுப்பார்கள் என்று தெரிவதால், உரை இங்கே நிற்கிறது.